இரண்டு மைல் தாண்டி வந்த முகவீணை

ஆற்காட்டுக்குத் தெற்கே, செய்யாறு போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஆயாவின் ஊர். சித்திரை, வைகாசி மாதங்களில் சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டே இருக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. நடக்க முடியாமல் போன பிறகு ஆயா திண்ணையில் படுத்துக்கொண்டே கூத்து கேட்கும். பக்கத்து ஊரில் கூத்து ஆடும் களரி எப்படியும் இரண்டு மைல் தள்ளி.

சாயங்காலம் ஆறு மணிக்கு மைக் செட்காரர் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிப் பாட்டுப் போட்டுப் பார்ப்பார். எங்களுக்கு ஒன்றுமே கேட்காது. எட்டு மணிக்கும் அப்படித்தான். நடு ராத்திரி தாண்டியதும் பாட்டு பக்கத்துத் தெருவில் நடப்பதுபோல வந்து விழும். "நைனா, எழுந்துரு. கர்ணன் வேஷம் வந்துடுச்சு போலக்கீது" என்று ஆயா என்னை எழுப்பும். அதே ஸ்பீக்கர், அதே ஆம்ப்ளிஃபையர். இடையில் யாரும் சத்தத்தைக் கூட்டி வைக்கவில்லை.

ஊர் அடங்கிவிட்டது, அதனால் கேட்கிறது என்று சொல்லலாம். அது பாதி உண்மை. சென்னை - பெங்களூரு சாலை லாரிச் சத்தம், பம்ப் செட், தொலைக்காட்சி எல்லாம் ஓய்ந்த பிறகு சின்ன ஓசையும் காதில் படும். மீதிப் பாதியைச் செய்வது காற்று. அந்தப் பாதிதான் சுவாரசியமானது.

ஒலி காற்றில் போகும் வேகம் எப்போதும் ஒன்றாக இருக்காது. பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸில் நொடிக்கு 331 மீட்டர். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் வேகம் சுமார் 0.6 மீட்டர் கூடும். வேலூர்ப் பக்கத்து மே மாத மதியத்தில் 40 டிகிரி என்றால் நொடிக்கு 355 மீட்டர். இதை நம் ஊரிலேயே அளந்திருக்கிறார்கள். சென்னை வானாய்வு நிலையத்தில் இருந்த ஜான் கோல்டிங்ஹாம், புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடும் பீரங்கியின் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை மாதக் கணக்கில் குறித்துவைத்து, 1823 இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வெளியிட்டார். குளிர் மாதத்தில் ஒலி மெதுவாகவும் வெயில் மாதத்தில் வேகமாகவும் வந்தது அந்தக் கணக்கில் தெரிந்தது.

சரி, வேகம் நூற்றில் ஒரு பங்கு மாறினால் கூத்துக்கு என்ன? தேர் திருப்புவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தெருமுனையில் தேரைத் திருப்ப வேண்டும் என்றால் ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவார்கள். அந்தப் பக்கம் தயங்கும், மறு பக்கம் முந்தும். தேர் தயங்கிய பக்கமாகத் திரும்பும். ஒலி அலையும் அப்படித்தான். அலையின் அடிப்பாகம் மெதுவாகவும் மேல்பாகம் வேகமாகவும் போனால் அலை தரையை நோக்கி வளையும். மாறாக இருந்தால் வானத்தைப் பார்த்து வளையும்.

பகலில் வெயில் தரையைத்தான் முதலில் சுட வைக்கிறது. தரையை ஒட்டிய காற்று கொதிக்கும், மேலே போகப் போக ஆறியிருக்கும். அடிப்பாகம் வேகம், மேல்பாகம் மெதுவு. ஆகவே சத்தம் மேலே தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. சில நூறு மீட்டர் தள்ளி நிற்பவரின் தலைக்கு மேலேயே தாண்டிவிடும். அங்கே நிழல் விழுந்ததுபோல ஒலி இல்லாத இடம் உண்டாகிறது.

ராத்திரியில் எல்லாம் தலைகீழ். மேகமில்லாத வானத்தில் தரை தன் சூட்டை விட்டுவிட்டு வேகமாக ஆறும். கூடவே தரையை ஒட்டிய காற்றும் குளிரும். அதற்கு மேலே இருக்கும் காற்று பகல் சூட்டை இன்னும் வைத்திருக்கும். இப்போது முட்டுக்கட்டை அலையின் அடிப்பாகத்துக்கு விழுகிறது. மேலே போகப் பார்த்த சத்தமெல்லாம் வளைந்து, வயலுக்கும் வரப்புக்கும் மேலாகத் தாழ்ந்து வந்து திண்ணையில் இறங்குகிறது. தண்ணீர் இல்லாத ஆறு என்று பாலாற்றைக் கேலி பேசுவார்கள். காய்ந்த மணல் சீக்கிரம் சுட்டு, சீக்கிரம் ஆறும். ஆற்றங்கரை ஊர்களில் இரவுக் காற்று சட்டென்று குளிர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

காற்று வீசும் திசையும் இதே வேலையைச் செய்யும். தரையோரம் காற்று மெதுவாகவும் உயரத்தில் வேகமாகவும் வீசுவதால், காற்று போகும் பக்கம் இருப்பவர்களுக்குச் சத்தம் கீழே வளைந்து வரும், எதிர்ப்பக்கத்தாருக்கு மேலே போய்விடும். காற்று சத்தத்தைச் சுமந்து வருகிறது என்று நாம் சொல்வது முழுக்கச் சரியில்லை. அது சத்தத்தை வளைத்துவிடுகிறது, அவ்வளவுதான். இதே வளைவு நோயாளிக்கும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் இரவுச் சத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ராத்திரி பத்து மணிக்கு மேல் திறந்தவெளி ஒலிபெருக்கிக்கும் பொதுவாகத் தடைதான். கூத்துப் பைத்தியமான எனக்கு இது பிடிக்காத சட்டம், ஆனால் இயற்பியல் சட்டத்தின் பக்கம்தான் நிற்கிறது.

விழித்த பிறகு தூங்கவா முடியும்? மாமாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து கிளம்பிவிடுவேன். அந்த இரண்டு மைலில் சத்தம் மாறிக்கொண்டே வரும்.

திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி அளவு 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கரிலிருந்து பத்து மீட்டரில் 100 டெசிபல் இருந்தால், எட்டு முறை இரட்டித்து 2,560 மீட்டருக்குப் போகும்போது 52 டெசிபல் மிஞ்ச வேண்டும். அமைதியான ராத்திரியில் அது தாராளம். ஆனால் காற்று தன் பங்குக்கும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், அதிலும் பாரபட்சம் காட்டும். 4,000 ஹெர்ட்ஸ் அளவுள்ள கீச்சு ஓசை கிலோமீட்டருக்கு இருபது, முப்பது டெசிபல் இழக்கும். 100 ஹெர்ட்ஸ் கனத்த ஓசை ஒரு டெசிபல்கூட இழக்காது. அதனால்தான் வீட்டிலிருந்து கேட்டால் பாட்டின் இழை மட்டும் வரும். களரியை நெருங்க நெருங்க, முதலில் சொற்கள் பிரியும், அப்புறம் கைத்தாளத்தின் சிலுசிலுப்பு, கடைசியாகச் சலங்கை.

இந்தக் கணக்குப்படி தூரத்தில் மத்தளத்தின் தொம்தானே நன்றாகக் கேட்க வேண்டும்? கேட்காது. வேலூரில் கல்லூரி விழா நடக்கும்போது ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றால் பாட்டு எதுவென்று தெரியாது, தும் தும் என்று மட்டும் வரும். கூத்தில் நேர்மாறாக, தும் இல்லை, பாட்டு மட்டும் உண்டு. வித்தியாசம் ஸ்பீக்கரில் இருக்கிறது. 100 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் மூன்றரை மீட்டர். அரை மீட்டர் வாய் உள்ள குழாய் ஸ்பீக்கரால் அவ்வளவு பெரிய அலையைத் தள்ள முடியாது. ஆனால் மனிதக் குரல் இருக்கும் நடுப்பகுதி ஓசையை, கொஞ்சம் மின்சாரத்திலேயே பிரமாதமாகத் தள்ளும். கல்லூரி மைதானத்தில் ஆள் உயரத்துக்கு அடுக்கிய பெட்டிகள் கனத்த ஓசைக்கென்றே வைக்கப்பட்டவை. இசை ரசனை உள்ளவர்கள் குழாய் ஸ்பீக்கரைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். வயல்வெளியைத் தாண்டி வசனம் போய்ச் சேர வேண்டும் என்றால் அதைவிட மலிவான கருவி கிடையாது என்பது என் கட்சி.

அதற்கு ஒரு குறை உண்டு. ஊருக்குள் நுழையும் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். கம்பியில் மின்சாரம் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். ஒலிதான் நடந்து வர வேண்டும். பக்கத்துக் கம்பத்துச் சத்தம் உடனே வரும், எழுபது மீட்டர் தள்ளி இருப்பது ஐந்தில் ஒரு நொடி கழித்து வரும். அந்த நேரத்தில் பாடகர் அடுத்த அசைக்குப் போயிருப்பார். அசை மேல் அசை ஏறி, பாட்டு கூழாகிவிடும்.

காதுக்கு ஒரு பெருந்தன்மை இருக்கிறது. ஒரே ஓசை இரண்டு முறை முப்பது, நாற்பது மில்லிநொடிக்குள் வந்தால் மூளை இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். எது முதலில் வந்ததோ அந்தத் திசையிலிருந்து வந்ததாகவும் நம்பும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949 இல் தன் ஆய்வேட்டில் இதை விரிவாக எழுதினார். பெரிய மைதானக் கச்சேரிகளில் நடுவில் நிற்கும் ஸ்பீக்கர் கோபுரங்கள் இந்த நம்பிக்கையில்தான் ஓடுகின்றன. மேடையிலிருந்து எழுபது மீட்டர் தள்ளி இருக்கும் கோபுரத்துக்குச் சத்தத்தை 200 மில்லிநொடி தாமதமாக்கி, அதற்கு மேல் இன்னும் பத்துப் பதினைந்து சேர்த்து அனுப்புவார்கள். மேடைச் சத்தம் முதலில் வந்து காதைத் தொடும், கோபுரம் பின்னாலேயே வந்து அதற்கு வலு சேர்க்கும். கேட்பவருக்குப் பாடகர் மேடையில்தான் பாடுகிறார் என்றே தோன்றும்.

களரிக்கு வந்து பாயை விரித்து உட்கார்ந்தால் ஸ்பீக்கர் பேச்சே மறந்துவிடும். மூன்று பக்கம் ஜனம், நாலாவது பக்கம் பெஞ்சில் பின்பாட்டுக்காரர்கள், மேலே வானம். இந்த வானம்தான் பெரிய விஷயம். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் வாசித்தால் சுவரும் கூரையும் ஒவ்வொரு சுரத்தையும் ஓரிரு நொடிக்குத் திருப்பித் திருப்பி எறியும். பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. திறந்தவெளியில் மேலே போன ஒலி திரும்பி வராது. ஒவ்வொரு அடியும் துண்டாக, சுத்தமாக நிற்கும். வேகமான சொல்கட்டும் அடவும் ஒன்றோடொன்று குழம்பாமல் வருவதற்கு இதுவே காரணம். கோயில் வாத்தியத்தை மண்டபத்துக்குள் அடைத்தது யார் யோசனையோ, எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை.

திருப்பித் தரச் சுவர் இல்லாததால் பாடுகிறவருக்குப் பாடு அதிகம். மைக் வருவதற்கு முன்னால் இது தொண்டையால் மட்டுமே ஆன கலை. கூத்தின் வடக்கத்திப் பாணிக்குப் பேர்போன புரிசை கிராமம், 1989 இல் பிரிக்கப்படும் முன் இதே வட ஆற்காட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தப் பாணியில் வேஷக்காரர்கள் உச்சக் குரலில் பாடுவதைப் புதிதாகக் கேட்பவர்கள் கத்துகிறார்கள் என்பார்கள். நம் காதின் துவாரம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை அடைத்த குழல். அது 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஓசையைத் தானாகவே பெருக்கிக்கொள்ளும். இறுக்கிப் பாடும் உச்சக் குரலில் இந்தப் பகுதி ஓசை ஏராளம். முகவீணையும் அதே தந்திரம்தான். நாதஸ்வரத்தின் குட்டித் தம்பி போன்ற அதன் சீவாளி துடிக்கும் துடிப்பும், கூம்பிய குழலும் சேர்ந்து மேல்சுரங்களை அள்ளிக் கொட்டும். சாண் அளவு வாத்தியம் ஒரு ஜமாவையே தாண்டிக் கேட்பது அதனால்தான்.

பின்பாட்டையும் கவனியுங்கள். வேஷக்காரர் ஒரு அடி பாடுவார், பின்னால் இருப்பவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். ஆடுகிறவர் கிறுக்கி சுற்றும்போது குரல் திசை மாறி, ஒரு பக்கத்தாருக்குச் சொல் தவறிப்போகும். மெய்யெழுத்துகளின் கூர்மை வாய்க்கு நேராகத்தான் போகும், முதுகுப் பக்கம் மழுங்கிவிடும். தவறியதை இரண்டாம் முறை பிடித்துக்கொள்ளலாம். செல்போன் கோபுரங்கள் தகவல் தொலையாமல் இருக்கச் செய்யும் வேலையைக் கூத்து வாத்தியார்கள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே செய்துகொண்டிருந்தார்கள்.

அப்புறம் அந்தத் திரை. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்க, பின்னால் இருந்து வேஷம் பாடும். கிரீடத்தின் நுனியும் சலங்கைக் காலும் மட்டும் தெரியும். துணி விலகும் விலகும் என்று பார்த்தால் விலகாது. முன்கையில் மயிர் சிலிர்த்து நிற்கும். கனடாவின் மான்ட்ரியலில் 2011 இல் வெளியான ஓர் ஆய்வில், பிடித்த பாட்டு கேட்பவர்களின் மூளையில் இன்பத்தோடு தொடர்புள்ள டோபமின் என்ற வேதிப்பொருள் சுரப்பதை அளந்தார்கள். சிலிர்க்கும் கணத்தில் மூளையின் ஓரிடத்தில் சுரந்தது. அதற்குச் சில நொடிகள் முன்பே, இதோ வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே வேறோர் இடத்தில் சுரந்தது. திரை நுழைவு இந்த இரண்டாவது இன்பத்தைப் பத்து நிமிஷத்துக்கு இழுத்துப் பிடித்துவைக்கும் ஏற்பாடு.

கூட்டத்தோடு இருப்பதற்கும் ஒரு பலன் உண்டு. உளவியல் ஆய்வாளர் ராபின் டன்பரும் அவர் குழுவினரும் 2012 இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து பாடியவர்களும் கொட்டு அடித்தவர்களும் ஆடியவர்களும் அதற்குப் பின் வலியை அதிகம் தாங்கினார்கள். சும்மா உட்கார்ந்து கேட்டவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆகவே கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் கேட்கும் கேள்விக்குக் கூட்டத்திலிருந்து பதில் கத்துங்கள், தொடையில் தாளம் போடுங்கள். குழந்தைகளைக் குழாய் ஸ்பீக்கருக்கு நேர் கீழே மட்டும் படுக்கவைக்காதீர்கள். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதி நேரமே தாங்கும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான்.

பதினெட்டாம் நாள் கூத்து விடிந்த பிறகும் ஓயாது. மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனனைச் சுற்றிப் படுகளம் நடக்கும், பம்பை அதிரும். ஒரு முறை நான் பாதியில் கிளம்பி வந்தேன். வெயில் ஏறிவிட்டது, தரை சுடத் தொடங்கியிருந்தது. ராத்திரி வரும்போது இரண்டு மைல் கேட்ட சத்தம், திரும்பும்போது ஏரிக்கரையைத் தாண்டுவதற்குள் அறுந்துபோனது. வீட்டுக்கு வந்தால் ஆயா திண்ணையில் எழுந்து உட்கார்ந்திருந்தது. "இன்னாடா, அதுக்குள்ள முடிச்சிட்டானுங்களா?" என்று கேட்டது. அங்கே பம்பை இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.