குழந்தைக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறீர்களா? துணி வாங்கும் முன் சில விஷயங்கள்

குடும்பத்தில் குழந்தை பிறக்கப்போகிறது என்றதும் கையால் ஒரு ஒட்டுத்துணிப் போர்வை தைத்துக் கொடுக்க ஆசை வருவது இயல்பு. ஆனால் முதல் 12 மாதங்களுக்கு, தூங்கும் குழந்தையின் மேல் அதைப் போர்த்தக் கூடாது. அடியில் விரித்தும் தூங்க வைக்கக் கூடாது. முகத்தில் விழுந்த துணியை விலக்கிக்கொள்ளச் சிறு குழந்தைக்குத் தெரியாது. மூச்சு முட்டலாம், உடல் சூடு அளவுக்கு மீறி ஏறலாம். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவ அகாடமி 2022இல் புதுப்பித்த வழிகாட்டுதலும் தலையணை, தளர்வான போர்வை, பஞ்சு வைத்துத் தைத்த போர்வை எதுவும் குழந்தை தூங்கும் இடத்தில் இருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது.

அப்படியானால் எதற்கு இந்தப் போர்வை? விழித்திருக்கும் குழந்தையைப் பெரியவர் பக்கத்தில் இருந்தபடி தரையில் குப்புறப் படுக்கவைக்கவும், பிறகு உட்கார்ந்து விளையாடவும். இதை மனதில் வைத்தால் அளவு, துணி, தையல் எல்லாமே அதற்கேற்ப அமையும். தரை விரிப்பு அடிக்கடி துவைக்கப்படும், இழுக்கப்படும், வாயில் வைத்துச் சப்பப்படும். இதையெல்லாம் அது தாங்க வேண்டும்.

36 அங்குலச் சதுரம் போதுமானது. 6 அங்குலக் கட்டங்கள் வரிசைக்கு ஆறு, ஆறு வரிசை, மொத்தம் 36 கட்டங்கள். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட வேண்டும் என்பதால் ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலமாக வெட்டுங்கள். 44 அங்குல அகலத் துணியில் ஆறரை அங்குலப் பட்டை ஒன்று வெட்டினால் ஆறு கட்டங்கள் கிடைக்கும். ஆறு நிறம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் கால் மீட்டர் போதும். அடித்துணி ஒன்றேகால் மீட்டர், விளிம்புப் பட்டிக்கு 40 செ.மீ. அடித்துணியும் நடுவில் வைக்கும் பஞ்சு ஷீட்டும் மேல்துணியைவிட எல்லாப் பக்கமும் 2 அங்குலம் பெரிதாக, 40 அங்குலச் சதுரமாக இருக்கட்டும். தைக்கத் தைக்க மேல்துணி நகர்ந்து பரவும், அதற்குத்தான் இந்தக் கூடுதல்.

வெட்டும் முன் துணியைத் துவைத்தே ஆக வேண்டும். பருத்தி 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும், ஃபிளானல் இன்னும் கூடுதலாகச் சுருங்கும். துவைக்காமல் தைத்தால் ஒவ்வொரு துணியும் ஒவ்வொரு அளவில் சுருங்கி, முதல் சலவையிலேயே கட்டங்கள் கோணிப் போகும். புதுத்துணியில் ஏற்றியிருக்கும் கஞ்சியும் ரசாயனப் பூச்சும் ஓரளவு போகும் என்பது இன்னொரு நன்மை. சிவப்பு, கருநீலம், அடர் ஊதா மூன்றையும் தனியாக வெந்நீரில் ஊறவைத்து, ஈரத்தோடு வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். இரண்டு மூன்று அலசலுக்குப் பிறகும் சாயம் இறங்கினால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. பழைய பருத்தித் துணி மென்மையாக இருக்கும். ஆனால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இழை மெலிந்த இடங்களைத் தவிர்த்து வெட்டுங்கள். மெலிந்த துணி தையல் ஓரத்திலேயே கிழியும்.

கட்டங்களை இணைக்கும்போது அதிகம் பிசகுவது அந்தக் கால் அங்குலம்தான். ஒவ்வொரு தையலிலும் ஓர் அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு கூடுதலாகப் பிடித்தால், இரண்டு கட்டத்திலும் சேர்த்து ஒரு இணைப்புக்கு 8இல் ஒரு பங்கு குறையும். ஒரு வரிசையில் ஐந்து இணைப்புகள், ஆக அரை அங்குலத்துக்கும் மேல் போய்விடும். இன்னொரு வரிசை சரியாக இருந்தால் இரண்டும் சேராது. சேர்த்து இழுத்துத் தைத்தால் நடுவில் உப்பும். அதனால் முதலில் இரண்டு கட்டங்களை மட்டும் இணைத்து அளந்து பாருங்கள். பன்னிரண்டரை அங்குலம் வந்தால் தொடருங்கள். இஸ்திரி பெட்டியைத் தள்ளித் தேய்க்காமல், வைத்து எடுத்து அழுத்துங்கள். தள்ளினால் துணி நீளும். முதல் வரிசையில் தையலுக்கு விட்ட ஓரத்தை இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் மடித்து அழுத்தினால் மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும்.

பஞ்சு ஷீட் மெல்லியதாக, பருத்தியாக இருப்பது நல்லது. செயற்கை இழைப் பஞ்சு சீக்கிரம் காயும், ஆனால் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். எத்தனை அங்குல இடைவெளிக்குள் தைக்க வேண்டும் என்பது அதன் உறையிலேயே இருக்கும். அதைவிட அகலமாக விட்டால் துவைக்கும்போது பஞ்சு கட்டிகட்டியாகத் திரளும்.

மூன்று அடுக்கையும் தற்காலிகமாகப் பிணைக்க ஊக்கு குத்துவது வழக்கம். குழந்தைப் போர்வைக்கு நூலால் பெரிய தையல் போட்டுப் பிணைப்பதையே நாங்கள் வலியுறுத்துகிறோம். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, நாலு அங்குலத்துக்கு ஒரு வரி. பிரித்தெடுக்கும் நேரம் கூடுதல்தான். ஆனால் பஞ்சுக்குள் ஒளிந்த ஓர் ஊக்கு குழந்தையின் காலில் குத்தும் வாய்ப்பே இல்லை. ஊக்குதான் வேண்டுமென்றால் குத்தும்போதும் எடுக்கும்போதும் எண்ணுங்கள். முடிந்ததும் இருபுறமும் காந்தத்தைத் தடவிப் பாருங்கள்.

மூன்று அடுக்கையும் சேர்த்துப் போடும் கைத்தையல் அங்குலத்துக்கு 8 முதல் 10 வரை நெருக்கமாக இருக்கட்டும். நீண்ட தையல் குழந்தையின் விரலில் மாட்டும். தொங்கும் நூல் கால்விரலைச் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே தடைபடும். முடிச்சைப் பஞ்சுக்குள் இழுத்துவிட்டு மீதி நூலை ஒட்ட நறுக்குங்கள். பொத்தான், மணி, ஜிகினா, ரிப்பன், குஞ்சம் எதுவும் வேண்டாம். முயலுக்குக் கண் வேண்டுமென்றால் நூலால் எம்ப்ராய்டரி செய்யலாம். துணியில் நீரில் அழியும் நீலப் பேனாவால் கோடு போட்டிருந்தால், அந்தக் கோட்டைக் குளிர்ந்த நீரில் முழுக்க அலசிய பிறகே இஸ்திரி போடுங்கள், சூடு பட்டால் அந்தக் கறை தங்கிவிடும்.

விளிம்புப் பட்டியை இரண்டரை அங்குலத்தில் ஐந்து துண்டுகளாக வெட்டி, சாய்வாக இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தையுங்கள். குழந்தை முதலில் வாயில் வைப்பது மூலையைத்தான். ஒற்றை மடிப்புப் பட்டி அங்கே சீக்கிரம் நைந்துவிடும்.

தைத்து முடித்ததும் வாசனையில்லாத மென்மையான சோப்புத்தூளில் ஒருமுறை துவைத்து, நன்றாகக் காயவைத்துக் கொடுங்கள். குழந்தை பிறக்கும்வரை பெட்டியில் வைப்பதாக இருந்தால் பாச்சை உருண்டை போடவே கூடாது. நாப்தலீன் துணியில் ஏறிக்கொள்ளும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பச்சிளம் குழந்தைக்கு அந்த வாடை பட்டாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம். குழந்தைக்கு அந்தக் குறைபாடு உண்டா என்பது பெரும்பாலும் யாருக்கும் முன்கூட்டியே தெரியாது. சுத்தமான பருத்தி உறைக்குள் மடித்து வையுங்கள். கொடுக்கும்போது, முதல் வருடம் இது தரை விரிப்பு மட்டுமே என்று ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்கிற ஒவ்வொருவருக்கும் நீங்கள் நேரில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.