கைக்கு நினைவிருந்தது, ஹென்றிக்கு இல்லை

1953-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹென்றி மோலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்பு அவருக்கு. வேலைக்குப் போக முடியவில்லை. மருத்துவர் வில்லியம் ஸ்கோவில், சோதனை முயற்சியாக, நெற்றிப்பொட்டுகளுக்கு உட்புறம் ஆழத்தில் இருக்கும் பகுதியை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார். ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் ஒரு பெரிய பகுதி அதோடு போயிற்று. கடல்குதிரை போல வளைந்திருப்பதால் அதற்கு அந்தக் கிரேக்கப் பெயர்.

வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் மதியம் சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் கேட்டால், என்ன சாப்பிட்டோம் என்பது மட்டுமல்ல, சாப்பிட்டதே அவருக்கு நினைவில்லை. 2008-இல் இறக்கும்வரை, 55 ஆண்டுகள், ஏறக்குறைய இப்படித்தான் வாழ்ந்தார். நினைவைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர் பட்ட இழப்பிலிருந்து வந்தது. அதை மறக்காமல்தான் மேற்கொண்டு எழுத வேண்டும்.

ஹென்றியின் அறிவுத்திறன் குறையவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் 584 என்ற எண்ணைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னபோது, மனதுக்குள் அதைக் கூட்டியும் கழித்தும் கால் மணி நேரம் பிடித்துவைத்திருந்தார். பேச்சு வேறு பக்கம் திரும்பியதும் எண் போய்விட்டது; எண் ஒன்று சொல்லப்பட்டது என்பதும் போய்விட்டது. ஓடிபி எண்ணை முணுமுணுத்துக்கொண்டே நாம் செல்போனில் அடிக்கிறோமே, அது இந்த வகை நினைவு. கவனம் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிக்கு இதில் பெரும் பங்கு உண்டு. ஹென்றிக்கு அந்தப் பகுதி நன்றாகவே இருந்தது.

அடுத்த சோதனைதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. ஒரு நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். கையைப் பார்க்கக் கூடாது, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்க்கலாம். முதலில் யாருக்கும் கை தடுமாறும். ஹென்றிக்கும் தடுமாறியது. மூன்று நாள் பயிற்சியில் அவர் சீராக வரையத் தொடங்கினார். ஆனால் ஒவ்வொரு நாளும் அதை முதல்முறையாகச் செய்வதாகவே நினைத்தார். ‘கை பழகிவிட்டது’ என்று நாம் சொல்வது உடற்கூறு அளவிலும் சரி. சைக்கிள் ஓட்டுவது, பூ தொடுப்பது போன்ற பழக்கங்களுக்குச் சிறுமூளை உள்ளிட்ட வேறு பாதைகள் இருக்கின்றன. அவை ஹிப்போகாம்பஸுக்காகக் காத்திருப்பதில்லை.

அப்படியானால் ஹிப்போகாம்பஸில் என்னதான் நடக்கிறது? ஒரு நியூரான், அதாவது நரம்புச் செல், அடுத்ததோடு பேசும் இடத்தில் மிக நுண்ணிய இடைவெளி உண்டு, அதுதான் சினாப்ஸ். இக்கரை நியூரான் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளை விடும். அக்கரையில் உள்ள ஏற்பிகள் அதைப் பிடிக்கும். அவற்றில் என்எம்டிஏ என்ற வகை ஒன்று எளிதில் திறக்காது. அதன் வாயை ஒரு மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டிருக்கும். குளுட்டமேட் வரும் அதே நேரத்தில் அக்கரை நியூரானும் தூண்டப்பட்டிருந்தால்தான் அடைப்பு விலகி, கால்சியம் உள்ளே பாயும். இரண்டும் சேர்ந்து நடந்தன என்பதற்கு அந்தக் கால்சியமே அடையாளம். அதைத் தொடர்ந்து அக்கரையில் கூடுதல் ஏற்பிகள் வந்து சேரும். அடுத்த முறை அதே அளவு குளுட்டமேட்டுக்கு வலுவான பதில் கிடைக்கும். டிம் பிளிஸ், தெர்யே லோமோ என்ற இரு ஆய்வாளர்கள் முயலின் ஹிப்போகாம்பஸில் வேகமான மின்துடிப்புகளைச் செலுத்தி, இப்படி வலுப்பட்ட இணைப்பு மணிக்கணக்கில் அப்படியே நீடிப்பதைக் கண்டு 1973-இல் வெளியிட்டார்கள். அதற்கும் மேலாக நீடிக்க, நியூரான் புதுப் புரதங்களைச் செய்தாக வேண்டும். மண்ணெண்ணெய் வாசனை பட்டதும் ஒருவருக்குப் பழைய ரேஷன் கடை வரிசை நினைவுக்கு வருகிறதென்றால், ஒரு காலத்தில் மூக்குக்கும் கண்ணுக்கும் சேர்ந்தே வந்த செய்திகள் இப்படிப் பிணைந்திருக்கின்றன.

காட்சியும் ஒலியும் வாசனையும் மூளையின் மேலுறையான புறணியில் தனித்தனி இடங்களில் கிடக்கின்றன. எது எதோடு சேர்ந்தது என்பதைக் கட்டிவைப்பது ஹிப்போகாம்பஸ். தூக்கத்தில் அது பகலின் நிகழ்வுகளை மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. எலிகளில் இதை 1994-இல் கண்டார்கள். பலமுறை இப்படி ஓடி, புறணியின் இணைப்புகளும் வலுப்படுகின்றன.

அதனால்தான் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் ஹென்றிக்குப் பெற்றோரைத் தெரியும், படித்த பள்ளியைத் தெரியும். பொதுவான விவரமாகச் சொல்வார். ஒரு குறிப்பிட்ட நாளை, அதன் வெளிச்சத்தோடும் சத்தத்தோடும் சொல்ல வராது. விதிவிலக்குகள் மிகச் சில. 13 வயதில் ஒரு சிறு விமானத்தில் ஹார்ட்ஃபோர்டுக்கு மேலே அரை மணி நேரம் பறந்தது அவற்றில் ஒன்று. மனம் பொங்கும் நேரத்தில் சுரக்கும் ஹார்மோன்கள், அமிக்டலா என்ற மூளைப் பகுதி வழியாக, அந்த நேரத்து நினைவை ஆழப்படுத்துகின்றன. அந்தச் சிறுவனுக்கும் அதுதான் நடந்திருக்க வேண்டும். நேற்று சந்தித்த மருத்துவரைத் தெரியாத கிழவராக ஆன பிறகும், விமானி தன்னிடம் சற்று நேரம் ஓட்டக் கொடுத்ததை அவர் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.