ரோப்பில் பறக்கும் அடியாளை எது காட்டிக்கொடுக்கிறது?

ஒரே உதை, இருபதடி தள்ளிப் போய் விழும் அடியாள். ஒரு படத்தில் விசில் பறக்கிறது, இன்னொன்றில் தியேட்டரே சிரிக்கிறது. இரண்டிலும் அடியாளை இழுத்த கயிற்றை கிராஃபிக்ஸில் சுத்தமாக அழித்திருக்கிறார்கள். பிறகு வித்தியாசம் எங்கே?

முதல் குற்றவாளி நேரம். தரையிலிருந்து ஐந்தடி எழும்பும் உடல், ஏறி இறங்க 1.1 விநாடிதான் எடுக்கும். விநாடிக்கு 24 ஃபிரேம் (படச்சட்டம்) கணக்கில் சுமார் 27 ஃபிரேம். 2 விநாடி காற்றில் இருக்க வேண்டுமென்றால் 16 அடி உயரம் போயாக வேண்டும். ஐந்தடி உயரத்திலேயே 2 விநாடி மிதந்தால், இயற்பியல் படிக்காதவர் கண்ணுக்கும் உறுத்தும். சின்ன வயதிலிருந்து பந்து பிடித்துப் பழகிய கண் அது. விநாடிக்கு 48 ஃபிரேமில் எடுத்து 24-இல் ஓட்டும் ஸ்லோ மோஷனை மட்டும் ஏன் ஏற்கிறோம்? அதில் சட்டை, முடி, தூசி எல்லாமே சேர்ந்து மெதுவாகின்றன. ரோப்பில் உடல் மட்டும் மிதக்கும், சட்டை நுனி வழக்கமான வேகத்தில் படபடக்கும்.

இரண்டாவது, இழுக்கும் இடம். உதை விழுவது நெஞ்சில், கயிறு பூட்டியிருப்பதோ இடுப்பில். அப்படியே இழுத்தால் இடுப்பு முதலில் பின்னால் போகும், நெஞ்சு அதைத் தொடரும். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரிதான் இருக்கும். தேர்ந்த ஃபைட்டர் கயிறு இறுகுவதற்கு ஒரு கணம் முன்பே தோளையும் தலையையும் பின்னால் எறிந்துவிடுவார். அந்த ஒரு கணம்தான் உதைக்கு எடை தருகிறது. திரையில் யாரும் கவனிக்காத பெரிய திறமை அது.

அடுத்தது எடிட்டிங் மேசை. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரலின் அகலம் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு இடத்தைத்தான் கண் கூர்மையாகப் பார்க்கிறது. ஷாட் மாறியதும் புதிய இடத்துக்குக் கண் கிளம்பவே சுமார் 0.2 விநாடி, அதாவது 5 ஃபிரேம் ஆகும். ஷாட்டே 12 ஃபிரேம் என்றால் பாதி தேடலிலேயே போய்விடும். முந்தைய ஷாட்டில் முஷ்டி திரையின் வலப்பக்கம் முடிந்தால், அடுத்ததில் அடி வாங்கும் தாடையும் அங்கேயே இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் வேகவேகமாக வெட்டினால் பரபரப்பு வராது, சத்தம்தான் மிஞ்சும்.

சரி, எல்லாம் சரியாக அமைந்தும் சில சண்டைகள் ஏன் கொட்டாவி விட வைக்கின்றன? பார்ப்பவருடைய மூளை சும்மா பார்ப்பதில்லை, அடுத்து என்ன என்று ஊகித்துக்கொண்டே இருக்கிறது. நாயகனுக்கு எதுவும் ஆகாது என்று தெரிந்துவிட்டால் ஊகிக்க வேலையில்லை. கதை இங்கேதான் நுழைகிறது, அதற்கு நீளமான வசனம் தேவையில்லை. வண்ணாரப்பேட்டைச் சந்தில் ஒரு சண்டை என்று வைத்துக்கொள்வோம். தொடங்கும் முன், நாயகன் இடது கையால் கடை ஷட்டரைத் தூக்கப் பார்த்து, முகம் சுளித்து, வலது கைக்கு மாறுகிறான். 2 விநாடி ஷாட். இனி இடப்பக்கம் வரும் ஒவ்வொரு கம்பும் பார்ப்பவரின் தோளில் விழும். கண்ணும் தானாக நாயகனின் இடது தோளுக்கே போகும். கண்ணைத் தேடவிடும் பிரச்சினையும் எடிட்டருக்குப் பாதி குறையும்.

நீளம் குறைக்கச் சொன்னால் பல இடங்களில் முதலில் வெட்டப்படுவது, அடிதடியே இல்லாத அந்த ஷட்டர் ஷாட்தான்.