கிட்டம்: ஸ்லாக்குக்கு நம்மிடம் இருந்த சொல்

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோர வெல்டிங் கடைகளில் பார்த்திருப்பீர்கள். கம்பியை ஒட்டி முடித்ததும், ஒட்டின் மேலே படிந்த கறுப்பு ஓட்டைச் சின்னச் சுத்தியலால் தட்டி உதிர்ப்பார்கள். அதைக் கடையில் 'ஸ்லாக்' என்பார்கள். எங்கள் அம்மப்பா காலத்துக் கம்மாலையில் உலையைத் துப்புரவாக்கும்போது வரும் கண்ணாடிபோன்ற கறுப்புக் கட்டிக்குக் கிட்டம் என்று பெயர். இரண்டும் ஒரே இனம்.

ஆங்கிலத்துக்கு ஸ்லாக் என்ற சொல் வட ஜெர்மனியில் முற்காலத்தில் பேசிய மொழியிலிருந்து வந்தது. 'அடித்தல்' என்ற பொருளுள்ள சொல்லோடு அதற்கு உறவு இருக்கலாம் என்று சொல்லாராய்ச்சியாளர் கருதுகிறார்கள்: சம்மட்டி விழும்போது உலோகத்திலிருந்து தெறிப்பது. கிட்டமும் வடமொழியில் வேர்கொண்டதுதான். ஆனால் நம் கொல்லர் வாயிலும் வைத்தியர் வாயிலும் புழங்கி அது தமிழாகவே ஆகிவிட்டது.

சரி, கிட்டம் எப்படி உண்டாகிறது? ஊதுலையில் இரும்புத்தாதோடு கற்கரியும் சுண்ணாம்புக்கல்லும் போடுவார்கள். தாதிலிருக்கும் மணலைச் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டு சேர்ந்து உருகும். இரும்பைவிட இலேசு என்பதால் அந்தக் குழம்பு மேலே மிதக்கும். ஒரு தொன் இரும்பு எடுத்தால் ஏறத்தாழ 300 கிலோ கிட்டமும் கூட வரும். அவ்வளவையும் எங்கே கொட்டுவது?

கொட்டத் தேவையில்லை. ஊதுலைக் கிட்டத்தை உருகிய சூட்டோடு தண்ணீரில் அடித்துக் குளிரவைத்தால் கண்ணாடி மணலாகும். அதை மாவாக அரைத்துச் சீமெந்தில் கலக்கிறார்கள். உருக்கு, அதாவது எஃகு, ஆக்கும்போது வரும் கிட்டத்தில் இரும்புத் துண்டுகள் அகப்பட்டிருக்கும். நொறுக்கிக் காந்தத்தால் இழுத்தெடுத்துத் திரும்ப உலைக்கு அனுப்பலாம். செம்புக் கிட்டத்தில் காந்தம் உதவாது, செம்பு அதற்கு ஒட்டாது. அதை மெதுவாக ஆறவிட்டால் செம்புத் துணுக்குகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகும். பிறகு நன்றாக அரைத்து, தண்ணீரில் நுரை எழுப்பி, செம்புத்தூளை நுரையோடு அள்ளுகிறார்கள். நூற்றுக்கு ஒரு பங்கு செம்பு இருந்தாலே இவ்வளவு பாடும் படலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது பசளைக் கதை. 1870களின் பிற்பகுதியில் தோமஸ் என்ற ஆங்கிலேயர், இரும்பிலுள்ள பொஸ்பரசைச் சுண்ணாம்பால் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அந்தப் பொஸ்பரசில் பெரும்பகுதி கிட்டத்துக்குள் போனது. அரைத்து வயலில் போட்டார்கள், பயிர் செழித்தது. நெல் விதைக்கும் வன்னிக்காரருக்கு அதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

நம் வைத்தியமும் இதை அறிந்திருந்தது. நாட்பட்ட இரும்புக் கிட்டத்துக்கு மண்டூரம் என்று பெயர். அதைப் பழுக்கக் காய்ச்சிக் கோமியத்தில் தோய்த்துச் சுத்திசெய்து, இரத்தம் குறைந்த பாண்டு நோய்க்கு மருந்தாக்கினார்கள். அந்தக்கால உலைகளால் தாதிலிருந்த இரும்பை முழுவதும் பிரிக்க முடியவில்லை. பழைய கிட்டத்தின் எடையில் பாதியளவு இரும்பாகவே இருப்பதுண்டு. (அதற்காக யாரும் கிடைத்த கிட்டத்தை இடித்துக் குடித்துவிட வேண்டாம்.)

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதைக் கசடு என்கின்றன. பிழையில்லை. ஆனால் எண்ணெய்ப் பானையின் அடியில் தங்குவதும் கசடு, கழிவுநீரில் படிவதும் கசடு. மேலே மிதக்கும் குழம்புக்கு, அடியில் படிவதன் பெயர் எனக்கு உறுத்துகிறது. சிலர் 'உலோகக் கழிவு' என்று எழுதுகிறார்கள். அது தவறே. போருக்குப் பிறகு வன்னியிலிருந்து லொறி லொறியாகப் போன பழைய இரும்புதான் உலோகக் கழிவு. அதை உருக்கும்போது மேலே வருவது வேறு பொருள்.

அதனால் நான் கிட்டம் என்றே எழுதுகிறேன்: ஊதுலைக் கிட்டம், உருக்குக் கிட்டம், செம்புக் கிட்டம். 'கிட்ட மீட்பு' என்று பிரித்து எழுதினால் பக்கத்தில் மீட்பது போலக் கேட்கும். 'கிட்டத்தில் உலோகம் மீட்டல்' என்றாலும் அதே தொல்லை. 'கிட்டத்திலிருந்து உலோகம் பிரித்தல்' என்றால் குழப்பமில்லை. அப்புறம், அலுமினியம் உருக்கும்போது மேலே படரும் ஆடை கிட்டமல்ல. அது காற்றுப்பட்டு வந்த தோல், உள்ளே நல்ல அலுமினியம் சிக்கியிருக்கும். அதற்குப் பொருக்கு என்ற சொல் போதும்.