ஆயிரம் ரூபாயும் பதினைந்தாம் தேதியும்

மார்கழி பிறந்துவிட்டால் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை கிலோ இரண்டாயிரம், மூவாயிரம் என்று ஏறும். டிவியில் செய்தி வரும். அந்தச் செய்தியைப் பார்க்கிறவர்களுக்கு, செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கம் பூ எடுக்கும் பெண்களுக்கும் அப்போது நல்ல வருமானம் என்றுதான் தோன்றும். நடப்பது தலைகீழ். பூ எடுக்கக் கூலி கிலோ கணக்கு. பனியில் செடி பூக்காது. விடியும் முன் டார்ச் லைட்டோடு போய்க் குனிந்து நிமிர்ந்தாலும் அரைக்கிலோ தேறாது. விலை உச்சத்தில் இருக்கும் அதே வாரத்தில்தான் பூ எடுக்கும் வீட்டில் கையில் காசு இருக்காது.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் நிதிக் கல்வி முகாம்களுக்காக உசிலம்பட்டி, சேடபட்டி, பேரையூர், டி.கல்லுப்பட்டி வட்டாரத்து ஊர்களுக்குப் போய் வருகிறேன். கிராமத்து ஏழைக் குடும்பத்தின் பணக் கஷ்டத்தை 'வருமானம் குறைவு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். குறைவுதான். ஆனால் அதைவிட மோசமானது, எப்போது வரும் என்று தெரியாதது. நாற்று நடவுக்கு நாலு வாரம், களை எடுக்க ரெண்டு வாரம், அப்புறம் வெறும் வாரங்கள். நூறு நாள் வேலைக்கு 15 நாளுக்குள் கூலி தர வேண்டும் என்றது 2005-ஆம் ஆண்டுச் சட்டம். கூலி மாதக்கணக்கில் தள்ளிப்போன காலங்களை இந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். செலவு மட்டும் தேதி தவறாமல் வருகிறது.

நேரடியாக வங்கிக் கணக்குக்கு வரும் உதவித்தொகை இங்கேதான் வேலை செய்கிறது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று போனது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நிலம் நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்பவை அன்றைய விதிகள். இதெல்லாம் பலரும் அறிந்ததுதான். மாதாமாதம் பணம் வரும் அந்தப் பதினைந்தாம் தேதியை நம்பி ஊருக்குள் ஒரு சின்னக் கடன் சந்தை உருவாகிவிட்டது என்பதைத்தான் யாரும் எழுதக் காணோம்.

சேடபட்டிப் பக்கம் ஒரு மளிகைக் கடை. கடைக்காரர் பழைய டைரி ஒன்றைக் கணக்கு நோட்டாக வைத்திருக்கிறார். முன்பு பற்று எழுதினால் 'கூலி வந்ததும்' என்று வாய்வார்த்தைதான். இப்போது பக்கத்தின் ஓரத்தில் '15' என்று போட்டு ஒரு வட்டம். "அண்ணே, பதினஞ்சுக்கு" என்று ஒரு பெண் சொன்னால் எண்ணெயும் பருப்பும் மறுபேச்சில்லாமல் கட்டிக் கொடுக்கிறார். "அவ புருசன் சொன்னா எழுத மாட்டேன் சார், அவ சொன்னா எழுதுவேன்" என்றார் என்னிடம். ஆயிரம் ரூபாய்க்கு அப்பால் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த மரியாதை அது. எந்த அரசு அறிக்கையிலும் இது கணக்கில் வராது.

மளிகைப் பற்றுக்கு வட்டி இல்லை. அந்தப் பற்று கிடைக்காத வீடுகள் எங்கே போகும் என்று பாருங்கள். தண்டல்காரரிடம் பத்தாயிரம் கேட்டால் கையில் வருவது 8,500. நாளுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பத்து வட்டிக்கு ரெண்டாயிரம் வாங்கினால் மாதம் 200 ரூபாய் வட்டிக்கே போய்விடும், அசல் அப்படியே நிற்கும். பிள்ளைக்குக் காய்ச்சல், கேஸ் சிலிண்டர் காலி, பள்ளிக்கூடத்தில் நோட்டு வாங்கச் சொல்லிவிட்டார்கள் என்று ஐந்நூறு, எழுநூறுக்காகத்தான் பெரும்பாலும் இந்த வலையில் முதல் கால் விழுகிறது. மாதம் ஆயிரம் ரூபாய் வறுமையை ஒழித்துவிடாது. முதல் கால் விழாமல் தடுக்கும். அதுவே பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

இந்தப் பணத்தில் சீட்டுப் போடுகிறவர்களும் உண்டு. பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஐந்நூறு போட்டு, முறை வந்தவர் வெள்ளிக்கிழமை திருமங்கலம் ஆட்டுச் சந்தைக்குப் போய் ஒரு பெட்டைக் குட்டியோடு வருகிறார். பலர் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு போடச் சொன்ன மற்ற மருந்தையும் விடாமல் வாங்குகிறார்கள். முன்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு 'மிச்சம்' பிடித்தவர்கள் இவர்கள்.

வயதானவர்கள் கதை தனி. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-ல் 20 ரூபாயில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் 1,000-லிருந்து 1,200 ஆனது. இதில் மத்திய அரசின் பங்கு 80 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வெறும் 200 ரூபாய், அதுவும் பல ஆண்டுகளாக நகரவில்லை. பேரையூர்ப் பக்கம் ஒரு அப்பத்தா, "பென்சன் வந்தா மருமக காபி சூடா தருவா தம்பி" என்று சிரித்தார். எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். மருமகள் கெட்டவள் இல்லை. ஆறு பேர் சாப்பிடும் வீட்டில் ஆளுக்கொரு பங்கு கொண்டுவர வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, முகாமுக்கு வெளியே, பெரும்பாலும் வசதியானவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். "எல்லாம் டாஸ்மாக்குக்குத்தானே போகுது?" சில வீடுகளில் போகிறது, மறைக்க மாட்டேன். ஆனால் பொதுவாக அப்படி நடக்கிறதா என்று பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள் டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா என்ற இரு ஆய்வாளர்கள். கையில் பணம் கொடுத்ததால் குடிக்கும் புகைக்கும் செலவு கூடியதாக அவர்கள் காணவில்லை. சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்ற பேச்சுக்கும் பதில் உண்டு. 2019-ல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் சகாக்களும் ஆறு வளரும் நாடுகளின் திட்டங்களை எடுத்துப் பார்த்தபோது, உதவித்தொகையால் வேலை செய்வது குறைந்ததற்கான தடயம் கிடைக்கவில்லை. நம் நாட்டிலேயே, மத்தியப் பிரதேசத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு யுனிசெஃப் உதவியோடு ஒரு சோதனை நடத்தியது. பெரியவர்களுக்கு மாதம் 200, பிறகு 300 ரூபாய், குழந்தைகளுக்கு அதில் பாதி. சாப்பாடு மேம்பட்டது, கடன் குறைந்தது. கூலிக்குப் போனவர்களில் சிலர் சொந்த நிலத்தில் கூடுதலாக உழைக்கத் தொடங்கினார்கள்.

'ஆள் கிடைக்கவில்லை' என்று தோட்டக்காரர்கள் சலித்துக்கொள்வதன் பொருள் இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆள் இருக்கிறது. பழைய கூலிக்கு வரும் ஆள்தான் இல்லை.

அதற்காக இந்தத் தொகையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட வேண்டியதில்லை. உசிலம்பட்டி வட்டாரத்திலிருந்து வடமாநில முறுக்குக் கம்பெனிகளுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு பையன்களை அனுப்பிய குடும்பங்கள் உண்டு. செங்கல் சூளைக்கு அட்வான்ஸ் வாங்கிக் குடும்பத்தோடு போகிறவர்களும் உண்டு. ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று கைமாறும் அந்தப் பணத்துக்கு முன்னால் மாதம் ஆயிரம் எடுபடாது. விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம்.கிசான் திட்டத்தில் குத்தகைக்குப் பயிர் செய்பவருக்கு இடமே இல்லை. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். உழுபவர் ஒருவர், பணம் வாங்குபவர் மதுரையில் குடியிருக்கும் இன்னொருவர் என்ற நிலை சாதாரணம்.

இனி, பணம் எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்போம். இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

"எனக்குப் பணம் நின்னு போச்சு சார்" என்று வருபவர்களில் நிறையப் பேருக்குப் பணம் நிற்கவில்லை, வேறு கணக்குக்குப் போயிருக்கிறது. ஆதார் எண்ணை வைத்து அனுப்பப்படும் பணம், நீங்கள் கொடுத்த பாஸ்புக்கைப் பார்த்து வருவதில்லை. உங்கள் ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ அந்த வங்கிக்குப் போகும். குழுக் கடன் வாங்கப் புதுக் கணக்கு தொடங்கியிருப்பீர்கள். செல்போன் கடையில் சிம் வாங்கும்போது கைரேகை வைத்ததில் செல்போன் கம்பெனியே நடத்தும் பேமென்ட் வங்கியில் ஒரு கணக்கும் சேர்ந்து உருவாகியிருக்கலாம். கேஸ் மானியம் இப்படித் திசை மாறிப் போன விவகாரம் 2017-ல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஆகவே பணம் வரவில்லை என்றால் தாலுகா ஆபீசுக்கு ஓடும் முன், ஆதார் இணையதளத்தில் எந்த வங்கியோடு இணைப்பு இருக்கிறது என்று பாருங்கள். காலேஜ் படிக்கும் பிள்ளைகளிடம் கொடுத்தால் ரெண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடும். மாற்ற வேண்டும் என்றால், எந்த வங்கிக்கு வர வேண்டுமோ அந்தக் கிளையில் உதவித்தொகை பெறுவதற்காக ஆதாரை இணைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். 'ஆதார் கொடுத்தாச்சு' என்பதும் இதுவும் ஒன்றல்ல. சரிபார்ப்புக்காகக் கொடுத்த ஆதாரால் மானியம் வராது.

அடுத்தது கைரேகை. பூ எடுப்பவர், பருத்தி எடுப்பவர், சூளையில் கல் தூக்குபவர், இவர்கள் விரலில் ரேகை தேய்ந்து போயிருக்கும். ஊருக்குள் வரும் வங்கி முகவரின் மெஷினில் விரல் விழாது. ரெண்டு முறை, மூன்று முறை வைக்கச் சொல்வார். "சர்வர் இல்லம்மா, நாளைக்கு வாங்க" என்பார். முகவர்கள் பெரும்பாலோர் நல்லவர்கள், அவர்களுக்கும் சொற்பக் கமிஷன்தான். ஆனால் 'நாளைக்கு வா' என்று சொல்லப்பட்ட நாளில் கணக்கில் பணம் கழிந்திருந்த பாஸ்புக்குகளையும் பார்த்திருக்கிறேன். விரல் வைத்தால் ரசீது கேளுங்கள், தோல்வி என்றாலும் அதற்கும் ரசீது உண்டு. வங்கிப் பணத்தை எடுத்துக் கொடுக்க வாடிக்கையாளரிடம் முகவர் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஐம்பது ரூபாய் பிடித்துக்கொண்டு 950 கொடுப்பது வழக்கமாகிவிட்ட ஊர்களில் 'இதுதானே முறை' என்றே பெண்கள் நம்புகிறார்கள்.

மூன்றாவதைச் சொல்லவே கூசுகிறது. வட்டிக்காரரிடம் ஏடிஎம் கார்டை அடகு வைப்பது. கார்டும் அதன் உறைமேல் எழுதிய பின் நம்பரும் அவரிடம். பதினைந்தாம் தேதி அவரே எடுத்துக்கொள்வார். ஒரே ஊரில் ஒரே ஆளிடம் ரப்பர் பேண்ட் போட்ட கார்டுக் கட்டு இருக்கிறது என்றால் நம்புவீர்களா? அளவுக்கு மீறிய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் நாளைக்கு அவசரம் என்றால் அதே ஆளிடம்தானே போக வேண்டும் என்ற பயத்தில் யாரும் புகார் கொடுப்பதில்லை. சண்டை போடாமல் ஒரு வழி உண்டு. கார்டு தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லத் தேவையில்லை, 'என்னிடம் இல்லை, முடக்குங்கள்' என்று வங்கியில் சொன்னாலே புதுக் கார்டு கிடைக்கும். அதற்கு முன் கடனை எப்படி அடைப்பது என்று மகளிர் குழுவில் பேசி ஒரு முடிவெடுத்துக்கொள்ளுங்கள். குழுவின் உள்கடன் இதற்குத்தான் இருக்கிறது.

நான்காவது, வங்கியே பிடித்துக்கொள்வது. முதல் தவணை வந்த 2023 செப்டம்பரிலேயே, குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று சில வங்கிகள் அந்தப் பணத்திலேயே அபராதம் பிடித்தது பெரிய பிரச்சினையானது. பொதுத்துறை வங்கிகள் பல இப்போது அந்த அபராதத்தையே கைவிட்டுவிட்டன. இருந்தாலும் உங்கள் கணக்கை 'அடிப்படை சேமிப்புக் கணக்கு' ஆக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள். இருப்பே வேண்டாம், ஏடிஎம் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் கிடையாது. ஒரு நிபந்தனை, அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. குழுக் கடன் தவணைக்கு இதே கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளச் சம்மதக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். உதவித்தொகைக்கு இந்தக் கணக்கு, தவணைக்கு வேறு வங்கியில் ஒரு கணக்கு.

உரிமைத் தொகை பெயரைச் சொல்லி ஓடிபி கேட்டு வரும் போன்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள்.

இன்னொன்று. ரொக்கம் தருவதால் ரேஷன் அரிசியை நிறுத்திவிடலாம் என்று அவ்வப்போது யாராவது கிளப்புவார்கள். புதுச்சேரியில் 2015-ல் அரிசிக்குப் பதில் வங்கியில் பணம் போடத் தொடங்கிப் பார்த்தார்கள். அரிசி விலை ஏறினால் பணம் கூடவே ஏறாது. கடைக்குப் போய் அரிசி வாங்கி வருவதும் பெண்கள் தலையில்தான். அரிசியே கொடுங்கள் என்று அங்கே மக்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மதுரைப் பக்கத்து வீடுகளில் இந்த ஆயிரம் ரூபாய் மருந்துக்கும் நோட்டுக்கும் ஆட்டுக் குட்டிக்கும் போக முடிவதே, அரிசி ரேஷனில் வந்துவிடுவதால்தான்.

கடைசியாக, புகார் எங்கே செய்வது என்பது. வாய்வார்த்தையாக மேனேஜரிடம் சொல்லிவிட்டு வராதீர்கள். நாலு வரி தமிழில் எழுதி, ரெண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்து மற்றதில் வங்கியின் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது கிடைத்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். ஆனால் அந்தச் சீல் போட்ட பிரதியைத்தான் முதலில் கேட்பார்கள். 'சீல் எல்லாம் போட மாட்டோம்' என்று கவுன்டரில் சொன்னால் தபால் ஆபீசுக்குப் போய் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டு ரசீதைப் பாஸ்புக்கோடு சேர்த்து வையுங்கள்.