கூரையில் சோலர்: கொம்பனிக்கு முற்பணம் கொடுக்க முன் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் இப்போது கலியாண வீட்டுப் பந்தலுக்குள்ளும் சோலர் கதைதான். கொம்பனி முகவர் வந்து ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்: கரண்ட் பில் இல்லை, மாதம் இருபதாயிரம் கைக்கு வரும், நாலு வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும். சாப்பாட்டுக் கடைக்காரர், ஓய்வூதியம் எடுத்த ஆசிரியர், கனடாவில் இருந்து மகன் அனுப்பிய காசை வங்கியில் வைத்திருக்கும் அம்மா என்று பலர் அந்தத் தாளை நம்பி முற்பணம் கொடுத்துவிட்டுப் பிறகுதான் அலைகிறார்கள். சோலர் கெட்ட விஷயம் இல்லை. சரியாகச் செய்தால் நல்ல வருமானம். ஆனால் அது மூன்று விஷயத்தில் தங்கியிருக்கிறது: மீற்றர் யாருடைய பெயரில் இருக்கிறது, உங்கள் ஒழுங்கையின் ட்ரான்ஸ்போமரில் இடம் இருக்கிறதா, ஒப்பந்தத்தில் என்ன திகதி விழுகிறது. முகவரின் தாளில் இந்த மூன்றும் இருக்காது.

பின்னணி சுருக்கமாக. 2030க்குள் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க சக்தியில் இருந்து எடுப்பது என்று அரசாங்கம் இலக்கு வைத்திருக்கிறது. வீட்டுக் கூரைகளை அதில் சேர்க்க 2016 செப்டெம்பரில் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற திட்டம் வந்தது. இதில் பொதுவாக மூன்று வழி. நெற் மீற்றரிங் என்றால் கூரைப் பனலில் இருந்து கரண்ட் லைனுக்கு நீங்கள் அனுப்பிய அலகை நீங்கள் எடுத்த அலகில் கழிப்பார்கள். மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகும், காசாக வராது. நெற் அக்கவுண்டிங்கில் கழித்து மிஞ்சும் அலகுக்குக் காசு வரும். நெற் பிளஸில் கூரையில் வருவது முழுவதையும் விற்கிறீர்கள், வீட்டுப் பாவனைக்கு வழமைபோலத் தனியாகப் பில் வரும். “பில்லே வராது” என்று சொல்லி நெற் பிளஸை விற்கிற ஆட்களும் இருக்கிறார்கள். முதலில் எந்த வழி என்று கேளுங்கள், பிறகு கணக்கைப் பாருங்கள்.

விலைதான் முதல் பொறி. 2016 திட்டத்தில் முதலில் சேர்ந்தவர்களுக்கு முதல் 7 வருடம் அலகுக்கு 22 ரூபாய், அதற்குப் பிறகு 20 வருடம் முடியும்வரை 15.50 என்று ஒப்பந்தம். 2017இல் பூட்டியவர்களுக்கு 2024இல் வருமானம் திடீரென இறங்கியதும் “மீற்றர் பிழை” என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு. மீற்றர் சரி, ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தை யாரும் வாசிக்கவில்லை. பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் விலை 37 ரூபாய்க்கு ஏறியது. 2024இல் அது 27 ரூபாய்ச் சொச்சமாக இறங்கியது. 2025இல் அளவுக்கு ஒரு விலை என்று பிரித்தார்கள்: 5 கிலோவாற்று வரை 20.90, அதற்கு மேல் 20 வரை 19.61, 20இலிருந்து 100 வரை 17.46. பெரிதாகப் போடப் போட அலகுக்குக் குறைவாகத்தான் கிடைக்கும்.

இனி முகவரின் தாளை எடுத்து மேசையில் வையுங்கள். எங்கள் வெயிலில் 1 கிலோவாற்றுப் பனலில் இருந்து மாதம் 110 முதல் 120 அலகு வரை எதிர்பார்க்கலாம். 5 கிலோவாற்று என்றால் ஏறத்தாழ 575 அலகு. அதை 2022 விலையான 37ஆல் பெருக்கினால் 21,275 ரூபாய். முகவர் சொன்ன ‘இருபதாயிரம்’ இங்கிருந்துதான் வருகிறது. 2025 விலையான 20.90ஆல் பெருக்கினால் 12,000 சொச்சம். அந்தத் தாளில் இருப்பது பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, பழைய விலையை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எந்த விலை என்று எழுத்தில் கேளுங்கள். அந்த விலை விண்ணப்பம் கொடுத்த திகதிக்கா, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட திகதிக்கா, மீற்றர் பூட்டிய திகதிக்கா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். விலை மாறுகிற மாதங்களில் இந்தத் திகதிக்காகத்தான் ஆட்கள் அடிபடுகிறார்கள். “நாங்கள் பழைய விலையிலேயே போட்டுத் தருவோம்” என்று வாயால் சொல்வதற்குப் பெறுமதி இல்லை.

அடுத்தது பெயர். எங்கள் ஊரில் அதிகமான ஃபைல்கள் படுத்துக் கிடப்பது இதனால்தான். வீடு சீதனமாக மனைவி பெயரில் இருக்கும். கரண்ட் இணைப்பு அவருடைய அப்பா பெயரில், அவர் இறந்து எத்தனையோ வருடம். கடன் எடுக்கப்போவது கணவனின் சம்பளத்துக்கு. மூன்று பேப்பரிலும் மூன்று பெயர். ஒப்பந்தம் மின் இணைப்பு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவரோடுதான் எழுதப்படும். இறந்தவரோடு ஒப்பந்தம் எழுத முடியாது என்று மின்சார அலுவலகத்தில் சொல்லும்போது, பனல் ஏற்கனவே கூரையில் ஏறியிருக்கும்.

ஆகவே முதலில் மின் இணைப்பைப் பெயர் மாற்றுங்கள், அது முடிந்து புதுப் பெயரில் ஒரு பில் கைக்கு வந்த பிறகு சோலர் விண்ணப்பம். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் இரண்டும் நிற்கும். “அதை நாங்கள் பார்த்துக்கொள்ளுவம்” என்று கொம்பனி சொன்னால் விட்டுவிடாதீர்கள். பெயர் மாற்றுவதற்குக் காணி உறுதியைக் கேட்பார்கள். இடம்பெயர்வில் உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம், அதற்கு உறுதி இலக்கமும் நொத்தாரிசு பெயரும் தெரிந்தால் வேலை சுலபம். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, உறுதியில் வேறு எழுத்து என்றால் சத்தியக் கடதாசி கேட்பார்கள். எங்கள் பெயர்களைத் தமிழில் இருந்து ஆங்கிலத்துக்கு மாற்றி எழுதுகிற இடத்தில் ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதம். அவர்கள் எழுதியதற்குச் சமாதான நீதவானிடம் சத்தியம் செய்வது நாங்கள்.

வீட்டுக்காரர் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்தால் அற்றோணித் தத்துவம், அதாவது அவருக்காக இங்கே ஒருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் பத்திரம், தேவை. அதில் பொதுவாக ‘என் சொத்தைப் பராமரிக்க’ என்று எழுதியிருந்தால் போதாது என்று திருப்பிவிடலாம். மின் இணைப்புப் பெயர் மாற்றம், சூரிய மின் ஒப்பந்தம், அதில் வரும் பணம் மூன்றையும் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. காசு அனுப்புவது அண்ணன், ஒப்பந்தம் இங்கே இருக்கும் தம்பி பெயரில் என்றால் மாதக் காசு 20 வருடத்துக்குத் தம்பியின் கணக்குக்குத்தான் போகும். சகோதரங்களுக்குள் இப்போதே ஒரு பேப்பர் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கோவிலடியில் கதைத்துத் தீர்க்கிற விஷயம் இல்லை இது.

வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் இந்த வேலையைத் தொடாமல் இருப்பதே நல்லது.

சரி, பெயர் முடிந்தது. இனி ட்ரான்ஸ்போமர். ஒவ்வொரு ட்ரான்ஸ்போமரும் இவ்வளவு சோலரைத்தான் தாங்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் முந்தியிருந்தால் உங்களுக்கு இடம் இல்லை. கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருந்து காசு வந்து விழுந்த ஒழுங்கைகளில் இது பெரிய பிரச்சினை. அப்போது விண்ணப்பத்தை நிறுத்தி வைப்பார்கள், அல்லது கொள்ளளவைக் கூட்டும் செலவு கதைக்கு வரும். அது யாருடைய செலவு என்று கொம்பனியோடு செய்யும் உடன்படிக்கையில் எழுதச் சொல்லுங்கள். அதோடு இன்னொரு வரியும் வேண்டும்: “மின் இணைப்பு அனுமதி கிடைக்காவிட்டால் முற்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்.” இந்த வரியைப் போட மறுக்கிற கொம்பனியிடம் காசு கொடுக்காதீர்கள்.

உங்கள் இணைப்பின் அளவையும் பாருங்கள். சாதாரண ஒருமுனை (சிங்கிள் பேஸ்) 30 அம்பியர் இணைப்பு 230 வோல்ற்றில் கிட்டத்தட்ட 7 கிலோவாற்றுதான் தாங்கும், மும்முனை (த்ரீ பேஸ்) 30 அம்பியர் என்றால் 20 சொச்சம். ஒருமுனை வீட்டுக்காரருக்குப் பத்து கிலோவாற்று விற்றுவிட்டு, “மும்முனைக்கு மாற வேண்டும்” என்று பிறகு சொல்வது பழைய கதை. அந்த மாற்றத்துக்குத் தனி விண்ணப்பம், தனிக் காசு, தனி அலைச்சல்.

அலைச்சலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மின்சார அலுவலகம் ஒன்றில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் ட்ரான்ஸ்போமரில் இடம் இருக்கிறதா என்ற ஒரே கேள்வியோடு நடந்தார். “ஐயா சைட்டுக்குப் போட்டார், நாளைக்கு வாங்கோ.” நாளைக்கு என்றால் வேறு மேசை. அந்த மேசையில், “இதை உங்கட கொம்பனிதான் கேக்கோணும்.” கொம்பனியில், “ஓபிசில கேளுங்கோ அக்கா.” கேள்வி மட்டும் அவர் கைப்பையிலேயே இருந்தது. இப்படி நடக்கும்போது செய்ய வேண்டியது, வாயால் கேட்பதை நிறுத்துவது. தமிழில் ஒரு கடிதம் எழுதுங்கள். வடக்கில் நிர்வாக மொழி தமிழ், “இங்கிலிசில் எழுதிக்கொண்டு வாங்கோ” என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் திகதி முத்திரை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். ட்ரான்ஸ்போமரின் கொள்ளளவு, அதில் ஏற்கனவே இணைக்கப்பட்ட சோலரின் அளவு, உங்கள் விண்ணப்பம் வரிசையில் எங்கே நிற்கிறது, இந்த மூன்றையும் கேளுங்கள். இந்தக் கடிதம் போனால் ‘சைட்டுக்குப் போன ஐயா’ திரும்பி வந்துவிடுவார். சேவை பற்றிய முறைப்பாடு என்றால் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம், அதற்கும் முத்திரை வாங்கிய பிரதிதான் ஆதாரம்.

இனி அநேகமானவர்கள் ஏமாறும் இடம். கரண்ட் நின்றால் சாதாரண சோலரும் நிற்கும். நடுப்பகல் வெயில் கொழுத்தினாலும் நிற்கும். லைனில் வேலை செய்கிற ஊழியருக்கு ஷொக் அடிக்கக் கூடாது என்பதற்காக, பனலின் மின்சாரத்தை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேட்டர் தானாகவே நின்றுவிடும், அது பழுது இல்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமை, கூரை நிறையப் பனல் வைத்திருந்தவர்களும் விசிறி இல்லாமல்தான் இருந்தார்கள். கரண்ட் இல்லாத நேரத்திலும் வேண்டும் என்றால் பற்றரியோடும் வேலை செய்யும் ஹைபிரிட் இன்வேட்டரும் பற்றரியும் வேண்டும். அதன் விலை வேறு, வாங்கும்போதே சொல்ல வேண்டும்.

அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, பகல் 3 மணிவரை கூரைச் சோலரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. பகலில் பாவனை குறைந்து உற்பத்தி கூடினால் முழு வலையமைப்புமே தளம்பும் என்பது காரணம். காரணம் நியாயம்தான். ஆனால் ‘வெயில் இருக்கும் ஒவ்வொரு நாளும் காசு’ என்று போட்ட கணக்கு அங்கே உடைகிறது. இனிமேலும் இப்படி வரும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். கரண்ட் உண்மையில் தேவைப்படுவது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில். பகலில் சேமித்து அந்த நேரத்தில் கொடுப்பவனுக்குத்தான் இனி மதிப்பு. பற்றரித் தொழிலின் எதிர்காலம் அங்கேதான் இருக்கிறது.

ஊர் ஓரங்களில் இன்னொரு தொல்லை. லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில் நடுப்பகலில் வோல்ற்றேஜ் ஏறும். சட்டப்படி 230க்கு மேலும் கீழும் 6 வீதம், அதாவது 216 முதல் 244 வரை இருக்க வேண்டும். அதைத் தாண்டி அதிகமாக ஏறினால் இன்வேட்டர் நின்று நின்று எழும்பும். அதிக வெயில் நேரத்தில்தான் இது நடப்பதால் நட்டமும் அதிகம். இன்வேட்டரின் திரையில் வரும் வோல்ற்றேஜைத் திகதியோடு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு முறைப்பாடு கொடுங்கள்.

கொம்பனியைத் தெரிவு செய்யும்போது நிலைபெறுதகு சக்தி அதிகார சபையில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். “25 வருட உத்தரவாதம்” என்பது பனலுக்கு. இன்வேட்டருக்கு எத்தனை வருடம், பூட்டிய வேலைக்கு எத்தனை வருடம், ஆள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறாரா, இல்லை கொழும்பில் இருந்து வர வேண்டுமா? காரைநகர், பருத்தித்துறை, வேலணைப் பக்கம் என்றால் பனலைப் பிடிக்கும் சட்டம் (பிரேம்) உப்புக் காற்றைத் தாங்குவதாக இருக்க வேண்டும். சாதாரண இரும்பு சில வருடத்தில் துருப்பிடித்துக் கூரைச் சீற்றில் கறையாக வடியும். பனை மர நிழலையும் பாருங்கள்: காலையில் ஒரு ஓலை விழுத்தும் நிழல் ஒரு வரிசைப் பனலையே மந்தமாக்கும். இன்வேட்டரைப் போனில் பார்க்கும் அப்ளிக்கேஷனின் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் திறக்கப்பட வேண்டும். கொம்பனியின் மின்னஞ்சலில் திறந்தால் கொம்பனி மூடும் அன்று உங்கள் கணக்கும் போய்விடும்.

கடன் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2022, 23 காலத்தில் கரண்ட் விற்றவர்களுக்குக் காசு மாதக்கணக்கில் பிந்தியது. வங்கித் தவணை பிந்தாது. சோலர் வருமானத்தில்தான் தவணை கட்டுவேன் என்று திட்டமிட்டால், ஆறு மாதத் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

தொழிலாகப் பார்ப்பவர்களுக்கு என் எண்ணம் இது. விற்கிற விலை இறங்கிவிட்ட இந்தக் காலத்தில் கரண்டை விற்பதைவிட, பகலில் பாவிக்கிற கரண்டைச் சோலரிலேயே எடுத்துப் பில்லை மிச்சப்படுத்துவதுதான் லாபம். மா அரைக்கும் மில், ஐஸ் அடிக்கும் இடம், ஒட்டுப் பட்டறை, வலிகாமத்தில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் பகல் முழுக்க இறைக்கும் பம்பு, இவர்களுக்குச் சோலர் நெற் அக்கவுண்டிங்கில் நன்றாகப் பொருந்தும். பொடியன்களுக்குப் பூட்டும் வேலையைவிடப் பராமரிப்பில் இடம் இருக்கிறது. உப்பும் தூசியும் படிந்த பனலைக் கழுவ, துருப்பிடித்த சட்டம் மாற்ற, மூடிப்போன கொம்பனிகளின் இன்வேட்டரைப் பார்க்க ஊரில் ஆள் இல்லை.

கடைசியாக, மீற்றர் பூட்டும் நாளில் நீங்கள் வீட்டில் நில்லுங்கள். உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் உள்ள இரண்டு இலக்கங்களையும் போட்டோ எடுங்கள், மீற்றரின் தொடர் இலக்கத்தையும் சேர்த்து. ஒப்பந்தத்தின் உங்கள் பிரதியைக் கையெழுத்தோடு அன்றே கேட்டு வாங்குங்கள். “தபாலில் வரும்” என்றால் ஒப்பந்த இலக்கத்தையாவது எழுதி வாங்கிக்கொண்டு வந்த ஆட்களை அனுப்புங்கள்.