டூரிங் கார் என்றால் சுற்றுலா கார் அல்ல

'டூரிங் கார் பந்தயம்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'சுற்றுலா கார் பந்தயம்' என்று வரும். படிக்கிறவர் கண்ணில் என்ன தெரியும்? கூரைமேல் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு கொடைக்கானல் மலையேறும் வாடகை வண்டி. இந்தப் பெயரில் ஓடிய ஜெர்மன் கார்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் சொல் பிறந்தபோது கொஞ்சம் சம்பந்தம் இருந்தது.

'டூர்' பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்குச் சுற்று என்று பொருள். இன்னும் பின்னால் போனால் லத்தீன் வழியாகக் கிரேக்க 'டோர்னோஸ்' வரை போகிறது. அது கடைசல் கருவி. ஜெர்மன்காரர்கள் இதோடு 'வாகன்' சேர்த்து 'டூரன்வாகன்' என்றார்கள். 'ஃபோக்ஸ்வாகன்' பெயரில் இருக்கும் அதே வாகன்தான். நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட 'வாகனம்' அதற்குத் தூரத்து உறவு, ஒலி ஒத்துப்போவது தற்செயல் இல்லை.

கார் புதிதாக வந்த காலத்தில் டூரிங் கார் என்பது ஓர் உடலமைப்பின் பெயர். நாலைந்து பேர் உட்காரலாம், மேலே மடக்குகிற துணிக்கூரை, குடும்பத்தோடு தொலைதூரம் போகலாம். அந்த வண்டிகளுக்கென்றே ஜெர்மனியில் 1908 முதல் 1910 வரை 'பிரின்ஸ் ஹைன்ரிஷ் ஓட்டம்' நடந்தது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் தம்பி பெயரில் நடந்த போட்டி. 1910இல் ஆஸ்ட்ரோ டைம்லர் காரில் வென்றவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. குடும்ப வண்டி என்று பெயர், ஜெயிப்பதற்கென்றே செய்த வண்டி. சொல்லுக்கும் பொருளுக்கும் நடுவில் இழுபறி அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

துணிக்கூரை வண்டிகள் வழக்கொழிந்த பிறகும் பந்தயத்தில் சொல் மட்டும் நின்றது. அப்புறம் அதன் பொருள் இதுதான்: கடையில் யாரும் வாங்கக்கூடிய காரை அடிப்படையாக வைத்துச் செய்த பந்தயக் கார். 1971இல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது, கார்களைப் பந்தயத்துக்கு மாற்றியமைக்கும் ஏஎம்ஜி நிறுவனம் தயாரித்த மெர்சிடிஸ் 300 எஸ்இஎல். பணக்காரர்கள் பின்சீட்டில் சாய்ந்து போகிற பெரிய கார் அது. 'சிவப்புப் பன்றி' என்று செல்லப்பெயர் விழுந்தது.

சரி, அது உண்மையிலேயே கடையில் விற்கிற கார்தானா என்று யார் பார்ப்பது? இங்கேதான் 'ஹோமோலோகேஷன்' வருகிறது. இதுவும் கிரேக்கம், ஒப்புக்கொள்ளுதல் என்று பொருள். 1982இல் வந்த 'குரூப் ஏ' என்ற பந்தயப் பிரிவின் விதிப்படி 12 மாதத்தில் 5,000 கார்கள் செய்திருக்க வேண்டும். மேம்படுத்திய வடிவமென்றால் 500. தமிழில் 'வகை ஒப்புதல்' என்றால் போதும்.

இந்த ஒப்புதலால் நடந்தது வேடிக்கை. சாலைக் காரைப் பந்தயத்துக்குக் கொண்டுபோவதற்குப் பதில், பந்தயத்துக்கு வேண்டியதைச் சாலைக் காரில் வைத்து விற்க ஆரம்பித்தார்கள். பிஎம்டபிள்யூவின் 3.0 சிஎஸ்எல் காருக்கு 1973இல் பெரிய பின்னிறகு வந்தது. ஜெர்மன் சாலைச் சட்டம் அதை அனுமதிக்கவில்லை. அதனால் இறகைக் கழற்றி டிக்கியில் வைத்து வாடிக்கையாளரிடம் கொடுத்தார்கள்! 1986இல் வந்த முதல் எம்3 காரும் இந்தக் கணக்கில் பிறந்ததுதான். 1990இல் மெர்சிடிஸ் 190இ எவல்யூஷன் 2 வந்தபோது செய்தவை 502. விதி கேட்டது 500.

ஜெர்மன் தேசியப் போட்டியின் பெயரே இந்தக் குழப்பத்தைக் காட்டும். 1984இல் தொடங்கியபோது 'புரொடக்‌ஷன்ஸ்வாகன்' போட்டி, அதாவது உற்பத்திக் கார்ப் போட்டி. 1986இல்தான் 'டூரன்வாகன்' என்று மாறி, டிடிஎம் என்று பேர் வாங்கியது. என்னைக் கேட்டால் பழைய பெயர்தான் நேர்மையானது.

சொல்லுக்குப் பொருள் என்ன என்று வழக்கே நடந்தது 1992இல். 1990, 1991 இரண்டு ஆண்டும் டிடிஎம் பட்டம் வென்ற ஆடி வி8 காரின் கிராங்க் ஷாஃப்டில் தகராறு. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் இன்ஜின் தண்டு அது. கடையில் விற்ற காரில் அதன் வளைவுகள் 90 பாகை அமைப்பில் இருந்தன, பந்தயக் காரில் 180. கடையில் விற்ற காரின் உறுப்பைத்தான் வளைத்துச் செய்தோம் என்றது ஆடி. செல்லாது என்று தீர்ப்பானதும் அந்த ஆண்டுப் போட்டிகளின் நடுவிலேயே விலகிக்கொண்டது. வளைத்த பிறகும் அது அதே உறுப்பா? தர்க்க வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி.

இனி தமிழ்ச் சொல். டூர் என்பதன் வேர்ப்பொருளுக்குக் கச்சிதமாகப் பொருந்துவது 'உலா'. தலைவன் வீதிகளைச் சுற்றி வருவதுதானே உலா. ஆகவே பழைய துணிக்கூரை வண்டிக்கு 'உலாக் கார்' என்பேன். மகிழுந்து என்று எழுதுகிறவர்கள் 'உலா மகிழுந்து' என்று வைத்துக்கொள்ளலாம். பந்தயக் காருக்கு இது ஆகாது. 'தெருக்கார்ப் பந்தயம்' சுருக்கமாக இருக்கிறது, ஆனால் நள்ளிரவில் ரோட்டில் பைக் பறக்கவிடும் பையன்கள் நினைவுக்கு வந்துவிடுவார்கள். 'சாலைவகைப் பந்தயக் கார்' என்பதே என் தேர்வு. 'வகை' என்ற சொல்லுக்குள் அந்த ஒப்புதலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நீளமாகத் தோன்றினால் 'டூரிங் கார்' என்றே எழுதுங்கள். டூரிங் டாக்கீஸை ஏற்றுக்கொண்ட மொழிக்கு இது பாரமில்லை.

2021 முதல் டிடிஎம்மில் ஓடுவது ஜிடி3 என்ற பந்தய வகைக் கார்கள். இவற்றில் பெரும்பாலும் விளையாட்டுக் கார்கள்தான், பழைய குடும்பக் கார் வகை இல்லை. போட்டியின் பெயரில் மட்டும் 'டூரன்வாகன்' இன்னும் இருக்கிறது. போகட்டும், ஜிடி என்பதன் விரிவு கிராண்ட் டூரிங்.